ஐந்நூறில் 317

பெயரைச் சொல்லமாட்டேன்.
சொன்னால் அடுத்த ஏலத்தில் விலை ஏறும்.
மூன்று கதவு, சின்ன உடம்பு,
பொனற்றில் ஒரு மூக்குத் துளை, காற்றுக் குடிக்க.
ஐந்நூறு மட்டும் செய்து நிறுத்திவிட்டார்களாம்.
கதவுப் படியில் தகடு: 317.

நாவற்குழி யார்ட்டில்
தவணை கட்டாமல் பறிபட்ட ஓட்டோக்கள் முப்பது,
முன்கண்ணாடி இல்லாத லொறி,
நெல் வெட்டும் மெசின் ஒன்று,
பற்களில் இன்னும் வைக்கோல்.
எல்லாவற்றுக்கும் பின்னால்
தகரக் கொட்டிலுக்குள் அது நின்றது,
பிழையான கலியாண வீட்டுக்கு வந்துவிட்டவர் போல
நேராக, யாரோடும் கதைக்காமல்.

நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்றே எடுப்பவள்.
மேற்தோலை நம்பிப் பழக்கமில்லை.
சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு
டோர்ச்சோடு குந்தி அடிவயிற்றைப் பார்த்தேன்.
துரு இல்லை. ஒட்டுவேலை இல்லை.
ஸ்பெயார் சில்லின் கீழே
பனங்கட்டி நிறத்தில் ஒரு பிடி மணல்.
எங்கள் வெயிலில் சிவப்பு
ஐந்து வருடத்தில் ரோசாவாகிவிடும்.
இது சிவப்பாகவே இருந்தது.
ஒவ்வொரு மத்தியானமும்
யாரோ இதற்கு நிழல் தேடியிருக்கிறார்கள்.

முப்பத்திரண்டு லட்சத்தில் தொடங்கியது.
சுன்னாகத்து ஸ்பெயார் பார்ட்ஸ் கடை மகேசுவரநாதன்
முப்பத்திநாலு என்றார்.
எஞ்சின் ஒருவனுக்கு, சீற் இன்னொருவனுக்கு;
அவர் கண்ணில் அது ஏற்கெனவே
துண்டு துண்டாய்க் கிடந்தது.
முப்பத்தைந்து, நான்.
முப்பத்தாறு, அவர்.
கோண்டாவிலில் காணிக்கு வைத்த காசு.
"அக்கா, கிணறு இருக்கோ எண்டு பார்" என்று
தம்பி நேற்றும் பிரான்சிலிருந்து கேட்டான்.
கிணறு இல்லையடா. டர்போ இருக்கு.
முப்பத்தெட்டு என்றது என் வாய்.

மகேசுவரநாதன் திரும்பினார்.
"பிள்ளை, உது ஆம்பிளையளுக்கே அடங்காத சாமான்."
"மேல கேக்கப் போறியளோ, இல்லையோ?"
அவர் சிரித்தார். கேட்கவில்லை.

சுத்தியல் கிடையாது.
ஏலம் கூறிய வவுனியாப் பெடியன்
தண்ணீர்ப் போத்தலால் மேசையில் மூன்று தரம் தட்டினான்.
மூடி கழன்று ரசீது நனைந்தது.

வெளியே வேலியோரம் ஒருவர்,
ஹெல்மெற் கழற்றாமல், காலையிலிருந்து.
"நீங்களோ எடுத்தது?"
ஓம்.
பொக்கெற்றிலிருந்து ஒரு சின்ன இரும்பு வந்தது.
"சில்லுப் பூட்டின்ர திறப்பு.
அவை காரைத் தூக்கேக்க இதைக் கேக்கேல்லை.
இது இல்லாட்டி ஒரு சில்லும் கழட்டேலாது.
குடுக்கக் கூடாதெண்டுதான் வந்தனான்."
இரும்பு கைமாறியபோது சூடாக இருந்தது.
"எஞ்சின் சூடாகாமல் மிதிக்காதேங்கோ.
நிப்பாட்ட முதல் ஒரு நிமிசம் சும்மா ஓட விடுங்கோ,
டர்போ ஆறவேணும்."
பெயர் கேட்டேன்.
மோட்டார்சைக்கிளை உதைத்தார்.
இரண்டாம் உதையும் பிடிக்கவில்லை.
மூன்றாவது வரை நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பின்னேரம், பண்ணைத் தாம்போதி.
மூவாயிரம் சுற்று வரை
அது ஒரு வங்கி எழுதுவினைஞர்.
மூவாயிரத்து ஐந்நூறில்
முதுகில் யாரோ உள்ளங்கை வைத்துத் தள்ளினார்கள்.
களங்கட்டி வலைத் தடிகள் எல்லாம் ஒரே கோடு.
நான் கத்தினேன்.
என்ன சொல் என்று தெரியாது,
நாற்பத்தாறு வயதில் அப்படியொரு சத்தம்
எனக்குள் இருந்ததும் தெரியாது.
பிறகு பொலிஸ்காரன் கை தெரிந்தது.
நாற்பது. இரண்டாம் கியர்.
நல்ல பிள்ளைகள் இருவர்.

வாசலில் திறப்பைத் திருப்பாமல் இருந்தேன்.
தம்பியின் அழைப்பு அடித்து ஓய்ந்தது.
ஒரு நிமிடம் ஆனது.
இன்னும் பத்து விநாடி
சேர்த்தே ஓடவிட்டேன்.